டாக்டர் ஃபீல்குட்டின் பப் கச்சேரிகள்: பார்த்தவர்களுக்கு என்ன ஞாபகம் இருக்கிறது, ஏன் அது மட்டும்

டாக்டர் ஃபீல்குட் என்ற பிரிட்டிஷ் ரிதம் அண்ட் ப்ளூஸ் குழுவை 1973, 74 வாக்கில் லண்டன் பப்களில் நேரில் பார்த்தவர்கள் அந்த இரவுகளைப் பற்றிச் சொல்லும்போது பாட்டு கடைசியில்தான் வரும். முதலில் வருவது கிடார்காரர் முறைத்த முறைப்பு, அடுத்தது பாடகர் போட்டிருந்த அழுக்கு வெள்ளைக் கோட்டு, அதற்கப்புறம் வெக்கை, வியர்வை, பீர் நாற்றம், முன்வரிசையில் நின்றபோது வயிற்றில் ஏறிய ஒரு சின்ன பயம். "என்னென்ன பாடினார்கள்?" என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இவ்வளவு உயிரோடு நினைவுகூரப்படும் அந்தச் சின்ன அறைக் கச்சேரிகளில் முறைப்படி இசைத்தட்டாக வெளிவந்தது மிகக் கொஞ்சம். இந்தக் குழுவைப் பட்டியலில் முதலிடத்துக்குக் கொண்டுபோன லைவ் ஆல்பத்தில் பப் கச்சேரி ஒன்றுகூட இல்லை, எல்லாம் பெரிய ஹால்களில் பதிவானவை. அதாவது எந்தக் கட்டத்தை ரசிகர்கள் கொண்டாடுகிறார்களோ அதற்கு அவர்களுடைய ஞாபகம்தான் கிட்டத்தட்ட ஒரே சாட்சி. அந்தச் சாட்சி எதைப் பிடித்து வைத்திருக்கிறது, எதை விட்டுவிட்டது, எங்கே ஜோடித்திருக்கிறது என்பதைத்தான் இங்கே கொஞ்சம் பிரித்துப் பார்க்கிறேன். என் வழக்கு எளிது: அந்த ஞாபகத்தை உண்டாக்கியதில் குழுவுக்கு எவ்வளவு பங்கோ அந்த அறைகளுக்கும் அவ்வளவு பங்கு.

ஆட்கள், ஊர்

தேம்ஸ் நதி கடலில் விழும் இடத்தில் எசெக்ஸ் கரையோரம் இருக்கிறது கேன்வி தீவு. கடல் மட்டத்தோடு ஒட்டிய தட்டை நிலம், சுற்றிலும் கடற்சுவர். 1953 ஜனவரி 31 இரவு வந்த பெருவெள்ளத்தில் இந்தத் தீவில் மட்டும் 50க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அப்போது அங்கே 5 வயதுப் பையனாக இருந்தவர்தான் பின்னாளில் வில்கோ ஜான்சன் ஆன ஜான் வில்கின்சன். பக்கத்திலேயே எண்ணெய்க் கிடங்குகள், சுத்திகரிப்பு ஆலைகள், இரவில் எரியும் புகைபோக்கிகள். மிசிசிப்பி டெல்டாவில் பிறந்த ப்ளூஸை நேசித்த இந்தப் பையன்கள் தங்கள் சேற்றுநிலத்துக்கு 'தேம்ஸ் டெல்டா' என்று பெயர் வைத்துக்கொண்டது பாதி கேலி, பாதி நிஜம்.

1971இல் குழு அமைந்தது. லீ பிரில்லோ பாட்டும் ஹார்மோனிக்காவும், வில்கோ கிடார், ஜான் பி. ஸ்பார்க்ஸ் பேஸ், 'பிக் ஃபிகர்' என்று எல்லோரும் கூப்பிட்ட ஜான் மார்ட்டின் ட்ரம்ஸ். இதில் வில்கோ நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்தவர், பழைய ஐஸ்லாந்துக் காவியங்களில் மூழ்கிக் கிடந்தவர், படிப்பு முடிந்ததும் தரைவழியாக இந்தியா வந்து கோவா வரை சுற்றிவிட்டு ஊர் திரும்பிப் பள்ளிக்கூட வாத்தியாராக வேலை பார்த்தவர். மேடையில் அவரைப் பார்த்து மிரண்டவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இது அப்போது தெரிந்திருக்காது, தெரிந்திருந்தால் மிரண்டிருக்கவும் மாட்டார்கள்.

ஒரு விஷயம் வரிசை மாறி நடந்தது. 1972 ஆகஸ்டில் வெம்ப்ளி ஸ்டேடியத்தில் நடந்த பெரிய ராக் அண்ட் ரோல் விழாவில் ஹைன்ஸ் என்ற பழைய பாப் பாடகருக்குப் பின்னணி வாசித்தது இவர்கள்தான். சொந்தப் பெயரில் லண்டனில் யாருக்கும் தெரியாத காலத்திலேயே அவ்வளவு பெரிய மேடையைப் பார்த்துவிட்டு, அதற்கு அடுத்த வருடம் பப்புக்குள் நுழைந்தார்கள். அந்த ஸ்டேடியக் கச்சேரியை வைத்து இவர்களை நினைவுகூருகிற ரசிகர் அபூர்வம்.

அறை என்ன செய்தது

பப்பில் ராக் வாசிப்பது இவர்கள் தொடங்கிவைத்தது இல்லை. 1971இல் எக்ஸ் ஓவர் ஈஸி என்ற அமெரிக்கக் குழு வடக்கு லண்டனில் கென்டிஷ் டவுனில் டாலி ஹோ என்ற பப்பில் வாசிக்க இடம் பிடித்தது, அதுவரை அது ஜாஸ் வாசிக்கிற இடம். அதைப் பார்த்து மற்ற பப்களும் கதவைத் திறந்தன: இஸ்லிங்டனில் ஹோப் அண்ட் ஆங்கர், மேற்கே தி கென்சிங்டன், இப்படி ஒரு சுற்று உருவானது. கேம்டன் லாக்கில் இருந்த டிங்வால்ஸும் இந்தச் சுற்றில் சேரும், ஆனால் அது பப் அல்ல, கொஞ்சம் பெரிய கிளப். 1973இல் கேன்வியிலிருந்து ஃபீல்குட் ஆட்கள் வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு இந்தச் சுற்றுக்குள் வந்தபோது அங்கே வாசித்துக்கொண்டிருந்த குழுக்கள் பெரும்பாலும் இதமானவை, கண்ட்ரி கலந்த, தாடி வைத்த, சிரித்த முகமான குழுக்கள். அதற்கு நடுவில் தலைமுடியை ஒட்ட வெட்டி, சூட்டுப் போட்டு, பாட்டுக்குப் பாட்டு மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டு ஒரு வார்த்தை உபசாரம் பேசாமல் அடுத்ததற்குப் போன நான்கு பேர்.

காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1974 தொடக்கத்தில் பிரிட்டனில் வாரத்துக்கு மூன்று நாள்தான் தொழிற்கூடங்களுக்கு மின்சாரம், தொலைக்காட்சிகூட ராத்திரி பத்தரைக்கு மூடிவிட வேண்டும் என்று அரசு உத்தரவு போட்ட நேரம். பெரிய குழுக்களோ ஸ்டேடியங்களிலும் பெரிய ஹால்களிலும் புகைக்கும் விளக்குக்கும் நடுவே இருபது நிமிடத் தனி வாசிப்பு நடத்திக்கொண்டிருந்தன. வாரநாள் ராத்திரி பஸ் பிடித்துப் போய், ஒரு கிளாஸ் பீர் காசில் இரண்டடி தூரத்தில் ஒரு குழு வாசிப்பதைப் பார்க்க முடியும் என்பதே அப்போது ஒரு செய்தி.

இப்போது அறைக்குள் வருவோம். ஹோப் அண்ட் ஆங்கரில் கச்சேரி நடப்பது நிலவறையில். தாழ்ந்த கூரை, மேடை என்று சொல்லிக்கொள்ள ஒரு படி உயரம். முன்னால் நிற்பவனுக்கும் வில்கோவுக்கும் நடுவில் தடுப்பு, காவலர் எதுவும் இல்லை. அன்றைய உரிமச் சட்டப்படி லண்டன் பப்களில் பதினொரு மணியோடு ஊற்றுவதை நிறுத்தியாக வேண்டும், அதனால் இழுத்தடிக்க நேரம் கிடையாது. சரி, இப்படி ஒரு இடத்தில் வில்கோ என்ன செய்கிறார்? கறுப்பு சூட், டெலிகாஸ்டர் வகைக் கறுப்பு கிடார், அதில் சிவப்புத் தகடு, சுருள் சுருளாக நீளும் பழைய மாடல் வயர். கண்ணை அகல விரித்து, இமைக்காமல், நேர்கோட்டில் முன்னால் விறுவிறுவென வருகிறார், அதே முகத்தோடு திரும்பாமல் பின்னால் போகிறார். திடீரென்று கிடாரை இயந்திரத் துப்பாக்கி மாதிரி தூக்கிப் பிடித்துக் கூட்டத்தைச் சுடுகிறார். தெருக்கூத்தில் கட்டியக்காரன் பேச்சோடு பேச்சாக நேரே முன்வரிசைப் பையன் முகத்துக்கு வந்து நின்றால் அந்தப் பையனுக்கு அன்றைய கதை மறந்தாலும் அந்த முகம் மறக்காது இல்லையா, அதே கணக்கு.

"என்னையேதான் பார்த்தான்" என்று சொல்லாத ஃபீல்குட் ரசிகர் குறைவு. எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. தாழ்ந்த அறையில், கூட்டத்தின் கண் மட்டத்திலேயே நிற்கிற ஒருவர், யாரையும் குறிவைக்காமல் வெறித்துக்கொண்டு நடந்து வந்தால் எதிரே இருக்கிற அத்தனை பேருக்கும் அது தன்மேல் விழுந்ததாகத்தான் இருக்கும். உயரமான மேடையில் இருந்து பார்த்தால் அந்தப் பார்வை எல்லோர் தலைக்கும் மேலே போய்விடும்.

பிரில்லோவின் கோட்டும் அப்படியே. வெள்ளை சூட், ஆனால் வெள்ளை என்பது மரியாதைக்குச் சொல்வது. பீர், வியர்வை, சிகரெட் சாம்பல், வண்டி அழுக்கு எல்லாம் ஏறி ஒரு மாதிரி பழுப்பாக இருக்கும், கச்சேரிக்குக் கச்சேரி அதையே போட்டுக்கொண்டு வருவார். இந்த விவரம் ஞாபகத்தில் தங்கியதற்குக் காரணம் தூரம்தான். காலரில் இருக்கிற கறையை எண்ணுகிற தூரத்தில் நின்றால்தான் அது பாத்திரத்தின் பகுதியாகிறது. பின்வரிசையிலிருந்து பார்த்தால் அது வெறும் வெளிர் நிறக் கோட்டு. மைக்கைப் பிடித்த கையை முஷ்டியாக்கிக் குத்திக்கொண்டே, யாரோ வரவேண்டிய கடனை வசூலிக்க வந்த அடியாள் மாதிரி அவர் பாடினார். ஆளுக்கு அப்போது வயது 21, 22. பார்த்தவர்கள் எல்லோரும் நாற்பது வயது மனிதர் என்றுதான் நினைத்ததாகச் சொல்கிறார்கள், பழைய படங்களைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் படுகிறது.

பாட்டு ஏன் மங்கிவிட்டது என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. நிகழ்ச்சியில் கணிசமான பகுதி அமெரிக்க ரிதம் அண்ட் ப்ளூஸ் பாட்டுகள், வந்திருந்தவர்களுக்கு முன்பே தெரிந்தவை. வில்கோ எழுதியவையும் அதே சட்டகத்தில் இருக்கும், வேகமாக, குட்டையாக, ஒன்று முடிந்த மூச்சில் அடுத்தது. தனித்தனியாகப் பிரித்து வைத்துக்கொள்ள இடைவெளியே கிடைக்காது. ஆனால் இதில் ஒரு அநியாயம் இருக்கிறது, ஏனென்றால் வாசிப்புதான் இந்தக் குழுவின் நிஜமான கெட்டிக்காரத்தனம். ஜானி கிட் அண்ட் தி பைரேட்ஸ் குழுவின் மிக் கிரீன், தாளமும் தனி வாசிப்பும் ஒரே கிடாரில் ஒரே நேரத்தில் வருவதுபோல வாசித்தவர், அவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர் வில்கோ. பிளெக்ட்ரம் என்கிற மீட்டும் தகடு இல்லாமல் வெறும் விரல்களால் கம்பிகளை வெட்டி வெட்டி அடிப்பார், அடித்த உடனே இடது கையால் அமுக்கி ஒலியைக் கொன்றுவிடுவார். அதனால் ஒவ்வொரு அடிக்கும் நடுவில் ஒரு வெறுமை கிடைக்கும், அந்த வெறுமையில் பேஸும் ட்ரம்ஸும் வந்து உட்காரும். இத்தனைக்கும் இயல்பில் இடது கைக்காரர், வலது கையால் வாசிக்கப் பழகிக்கொண்டவர். ஸ்பார்க்ஸ், பிக் ஃபிகர் இருவரும் ஒரு அங்குலம் அசையாமல் தாளத்தைப் பிடித்து வைத்திருந்ததால்தான் முன்னால் இரண்டு பேர் பைத்தியம் பிடித்தமாதிரி ஓட முடிந்தது. ரசிகர் பேச்சில் இவர்கள் இருவருக்கும் ஒதுக்கப்படும் இடம் மிகக் குறைவு, எனக்கு அதில் வருத்தம் உண்டு.

இசைத்தட்டில் இருப்பது எது

1975 ஜனவரியில் முதல் ஆல்பம் வந்தது, 'டவுன் பை தி ஜெட்டி', அதாவது படகுத்துறை ஓரம். அட்டையில் கேன்வியில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், காற்றுக்கு முகம் கொடுத்து நான்கு பேர். விக் மெய்ல் தயாரிப்பு. எல்லோரும் இடம் வலம் பிரிந்து ஒலிக்கும் ஸ்டீரியோவில் போட்டி போட்ட காலத்தில் இது எல்லா ஒலியும் ஒன்றாகவே வரும் மோனோவில் வெளியானது. இதை வைத்து ஒரு கதையே உண்டு, பழைய கருவியில் ஒரே மூச்சில் பதிந்ததால்தான் மோனோ என்று. 2006இல் வந்த மறுபதிப்பில் ஸ்டீரியோ வடிவமும் சேர்ந்து வந்தபோது அந்தக் கதை ஓரளவு அடிபட்டுப் போனது. மோனோ என்பது முடிந்தது அவ்வளவுதான் என்பதால் வந்ததில்லை, அப்படித்தான் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தது.

அந்த ஆல்பத்தின் கடைசித் தடம் மட்டும் 1974இல் டிங்வால்ஸில் நேரடியாகப் பதிவானது. பிரின்ஸ்லி ஷ்வார்ஸும் பாப் ஆண்ட்ரூஸும் சாக்ஸஃபோனோடு வந்து சேர்ந்துகொள்கிறார்கள், கூட்டம் கத்துகிறது, சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. அந்தக் கிளப் காலத்தின் சூடு இசைத்தட்டில் எங்கேயாவது இருக்கிறதென்றால் இங்கேதான், அதிலும் விருந்தாளிகள் வந்து சேர்ந்துகொண்ட கலகலப்பான முடிவுப் பாட்டு இது, அந்த மிரட்டல் இதில் இல்லை.

பிறகு 1976இல் 'ஸ்டுபிடிட்டி'. பிரிட்டிஷ் ஆல்பம் பட்டியலில் அக்டோபரில் முதலிடம். ஒரு பக்கம் 1975 மே மாதம் ஷெஃபீல்ட் சிட்டி ஹாலில் பதிந்தது, இன்னொரு பக்கம் அதே ஆண்டு நவம்பரில் சவுத்எண்ட் கர்சாலில் பதிந்தது. கர்சால் கடற்கரை ஊரின் பெரிய நடனக் கூடம், கேன்விக்காரர்களுக்குச் சொந்த மண். அந்தக் கூட்டத்தின் சத்தமே அலாதி. கர்சால் நிகழ்ச்சியின் படப்பதிவும் இருக்கிறது, வில்கோ அங்கேயும் ஓடுகிறார், பிரில்லோ அங்கேயும் குத்துகிறார், ஆனால் மேடை அகலம், வெளிச்சம் அதிகம், முறைக்கிற கண்ணுக்கு எதிரே இருப்பது இருட்டு. பப் காலத்து ரசிகர்கள் பலரும் தங்கள் ஞாபகத்துக்குச் சாட்சியாக எடுத்து நீட்டுவது இந்த ஆல்பத்தையும் இந்தப் படப்பதிவையும்தான். பார்த்தது ஒரு இடம், சாட்சி இன்னொரு இடம், வருடக்கணக்கில் ஒன்று மற்றொன்றின்மேல் படிந்து இரண்டும் ஒன்றாகிவிட்டது. இதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் 1974இல் ஹோப் அண்ட் ஆங்கரில் எப்படி இருந்தது என்று ஒருவர் வர்ணிக்கும்போது அதில் எவ்வளவு கர்சால் கலந்திருக்கிறது என்று ஒரு சந்தேகத்தோடு கேட்பது நல்லது.

பங்க் வந்து கதையை எடுத்துக்கொண்டது

'ஸ்டுபிடிட்டி' முதலிடம் பிடித்தது 1976 அக்டோபர். டிசம்பர் 1ஆம் தேதி, பங்க் என்ற முரட்டு ராக் அலையின் முன்னணிக் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸ் தொலைக்காட்சியில் கெட்ட வார்த்தை பேசி நாடு முழுக்கத் தலைப்புச் செய்தியானார்கள். இடையில் இரண்டு மாதம்கூட இல்லை. அதற்கப்புறம் ஃபீல்குட்டின் கதை யாரோ ஒருவர் கதையின் முன்னுரையாகிவிட்டது. தி கிளாஷ் குழுவின் ஜோ ஸ்ட்ரம்மர் வில்கோவைப் பார்த்துவிட்டுத்தான் டெலிகாஸ்டர் வாங்கினார், தி ஜாம் குழுவின் பால் வெல்லர் வில்கோவின் பாதிப்பை வெளிப்படையாக ஒப்புக்கொண்டவர், பிளாண்டி குழுவின் கிளெம் பர்க் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு எடுத்துப்போன அந்த முதல் ஆல்பத்தை அங்கிருந்த இளம் குழுக்களெல்லாம் கேட்டார்கள். எல்லாம் உண்மை. போதாததற்கு பங்க் காலத்தின் முக்கியமான நிறுவனமான ஸ்டிஃப் ரெக்கார்ட்ஸ் தொடங்க டேவ் ராபின்சனும் ஜேக் ரிவியேராவும் கடனாக வாங்கிய 400 பவுண்டைக் கொடுத்தவர் பிரில்லோ.

இதனால் ரசிகர் ஞாபகம் திசைமாறியது. 1974இல் வெள்ளிக்கிழமை ராத்திரி நல்ல ஆட்டம் பார்க்கப் போனவர், இருபது வருடம் கழித்து அதே ராத்திரியை 'பங்க் பிறப்பதற்கு முன் நான் பார்த்தது' என்று சொல்லத் தொடங்கினார். இதை எரிச்சலோடு மறுக்கிற பழைய ஆட்களும் உண்டு: இது ரிதம் அண்ட் ப்ளூஸ், எதற்கும் ஒத்திகை இல்லை என்று. நான் அவர்கள் பக்கம். ஆனால் பங்க் என்ற பெரிய கதை இந்த முன்னுரையைச் சுமந்துகொண்டு போகாவிட்டால் டாலி ஹோவும் கென்சிங்டனும் இன்று யாருக்கு ஞாபகம் இருக்கும் என்று கேட்டால் பதில் சொல்லக் கஷ்டம். அதே பப்களில் அதே வருடங்களில் வாசித்த எத்தனையோ நல்ல குழுக்களை யாரும் தேடுவதில்லை.

பிளவு, அதற்குப் பின்

1977இல் நான்காவது ஆல்பத்தின் பதிவின்போது எந்தப் பாட்டைச் சேர்ப்பது என்ற தகராறில் வில்கோ வெளியேறினார். அவர் விலகினாரா, விலக்கப்பட்டாரா என்பது ரசிகர்கள் நடுவில் தீராத பஞ்சாயத்து. ஜிப்பி மேயோ கிடாருக்கு வந்தார், 1979இல் 'மில்க் அண்ட் ஆல்கஹால்' முதல் பத்துக்குள் போனது. அந்தக் காலத்தில் முதன்முதலாகக் குழுவைப் பார்த்தவர்களுக்கு ஃபீல்குட் என்றால் மேயோ வாசித்த குழு, அது இன்னும் சரளமான, சிரிப்புள்ள குழு. வில்கோ காலத்தவர்கள் இவர்களை ரசிகர்களாகவே மதிக்காத ஒரு தோரணை இருக்கிறது, அது எனக்குப் பிடிப்பதில்லை. பிரில்லோ இரண்டு காலத்திலும் ஒரே தீவிரத்தோடுதான் பாடினார்.

நினைவுகூர்தல் ஒரு நிறுவனம்போல ஆனது பிரில்லோ இறந்த பிறகுதான். லிம்ஃபோமா என்ற புற்றுநோய் முற்றிய நிலையில் 1994 ஜனவரியில் கேன்வியிலேயே, குழுவின் பெயர் தாங்கிய பாரில் கடைசியாகப் பாடினார், அது ஆல்பமாகவும் வந்தது. ஏப்ரல் 7 மறைந்தபோது வயது 41. அதற்குப் பிறகு அவர் பிறந்தநாளான மே 10ஐ ஒட்டிக் கேன்வியில் நினைவுக் கச்சேரிகள் நடந்தன, முன்னாள் உறுப்பினர்கள் வந்து வாசித்தார்கள், வெளிநாட்டிலிருந்தெல்லாம் ரசிகர்கள் வந்து கடற்சுவரையும் படகுத்துறையையும் நடந்து பார்த்தார்கள். லண்டன் பப்பில் பார்த்த கச்சேரியை நினைவுகூர லண்டனுக்குப் போகாமல் கேன்விக்கு வந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஜூலியன் டெம்பிள் 2009இல் எடுத்த ஆவணப்படம் இன்னும் ஒரு படி மேலே போய், பழைய கச்சேரிக் காட்சிகளைக் கேன்வியின் எண்ணெய்த் தொட்டிகள்மேலேயே திரையிட்டுக் காட்டியது. அதைப் பார்த்த இளைய ரசிகர்களுக்கு இனி எண்ணெய்த் தொட்டி இல்லாமல் ஃபீல்குட்டை நினைக்க முடியாது. ஹோப் அண்ட் ஆங்கரின் நிலவறையில் நின்ற யாருக்கும் எண்ணெய்த் தொட்டி தெரியவில்லை, அவர்களுக்குத் தெரிந்தது முன்னால் நின்றவன் முதுகு.

வில்கோவின் கடைசிக் காலம் இதற்கு நேர் எதிரான ஒரு சோதனை. 2013 ஜனவரியில் கணையப் புற்றுநோய், இன்னும் சில மாதம்தான் என்று தெரிந்ததும், கீமோதெரபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு விடைபெறும் கச்சேரிகளை அறிவித்தார். வந்த ஒவ்வொருவருக்கும் இதுதான் கடைசி என்று தெரியும், அதனால் ஞாபகம் வைத்துக்கொள்வதற்காகவே வந்தார்கள், கையில் போனோடு. 1974இல் யாரும் அப்படி நின்றதில்லை, அடுத்த வாரமும் வருவார்கள் என்ற நினைப்பில் பீர் வாங்க நடுவில் எழுந்து போனவர்கள்தான் நிறைய. அப்புறம் நடந்தது தெரிந்ததே: புகைப்படக்காரராக அறிமுகமான சார்லி சான் என்ற மருத்துவர் இது வழக்கமான வகை இல்லையோ என்று சந்தேகப்பட, 2014இல் கேம்பிரிட்ஜ் ஆடன்புரூக்ஸ் மருத்துவமனையில் பெரிய அறுவை சிகிச்சை செய்து 3 கிலோ கட்டியை எடுத்தார்கள், மனிதர் பிழைத்துவிட்டார். விடை கொடுத்து அழுதவர்கள் மறுபடியும் டிக்கெட் வாங்கினார்கள். 2017இல் 70 வயதுக் கொண்டாட்டத்தை ராயல் ஆல்பர்ட் ஹாலில் வைத்தார். 2022 நவம்பர் 21 அன்று காலமானார்.

பிரில்லோ இல்லாமல் வேறு ஆட்களோடு டாக்டர் ஃபீல்குட் என்ற பெயரில் குழு 1995இலிருந்து தொடர்ந்து வாசித்துவருகிறது, முதல் நால்வரில் யாரும் அதில் இல்லை. அதைப் பற்றி ரசிகர்கள் நடுவில் சண்டை உண்டு, அதற்குள் நான் போகவில்லை.

புதிதாகக் கேட்கப் போகிறவர்களுக்கு: 'ஸ்டுபிடிட்டி'யிலிருந்து தொடங்காதீர்கள், எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். முதல் ஆல்பத்தின் மோனோ வடிவத்தை ஸ்பீக்கரில் போட்டு, பிரில்லோவை விட்டுவிட்டு பிக் ஃபிகரை மட்டும் கவனியுங்கள். அது பிடிபட்ட பிறகு கர்சால் படப்பதிவைப் பாருங்கள், இந்தத் தடவை ஸ்பார்க்ஸை.